பெயர்ப்பலகை இல்லாத கோட்டை

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடம் நடத்தும்போது, பசியாவரத்திலிருந்து வரும் பிள்ளைகள் கேட்டார்கள்: "நம்ம பழவேற்காட்டுலதானே டீச்சர் கோட்டை? காட்டுங்க."

அழைத்துச் சென்றேன். முட்புதர், செங்கல் சிதறல், அகழி இருந்த தடம். அவ்வளவுதான். "இதுவா டீச்சர்?" என்ற குரலில் இருந்த ஏமாற்றத்தையே பாடத்தின் தொடக்கமாக்கிக்கொண்டேன்.

இது போருக்காக எழுந்த கட்டடம். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் இங்கிருந்த டச்சு வணிக நிலையத்தைத் தாக்கினர். அதன்பின் 1613இல் உருவானது கெல்டிரியா கோட்டை. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் இங்கிருந்தே நடந்தது. ஏரியும் கடலும் அருகில் இருந்ததால் சரக்கை ஏற்றி இறக்குவது எளிது. பக்கிங்காம் கால்வாய் வந்தது இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். பிள்ளைகள் இரண்டையும் ஒரே காலத்தவை என்று குழப்பிக்கொள்கிறார்கள். காலக்கோடு வரையச் சொன்னால் தெளிந்துவிடும்.

அடுத்து, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் படத்தைக் காட்டினேன். 1620இல் கட்டத் தொடங்கிய அது இன்று மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். "நம்ம கோட்டையையும் இப்படி ஆக்கினால், வாசல் பலகையில் என்ன எழுதுவீர்கள்?" இதுதான் செயல்பாடு. நான்கு பேர் ஒரு குழு, ஐந்து வரிகளுக்கு மிகாமல்.

எல்லாக் குழுவும் துணி, வெடிமருந்து, கப்பல் என்று பெருமையாக எழுதின. அப்போதுதான் நான் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். இங்கிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். பஞ்சக் காலங்களில் பசி தாங்காமல் விற்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

வகுப்பு அமைதியானது. "அவங்க பேரு எங்கேயாவது இருக்கா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. பக்கத்து டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் செதுக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. முன்பே அதைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லத் தேவைப்படவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று சக ஆசிரியர் கேட்டார். எட்டாம் வகுப்புக்குச் சொல்லலாம் என்பது என் கருத்து. ஐந்தாம் வகுப்புக்குக் கோட்டையும் அகழியும் போதும்.

மறுநாள் பலகைகளைத் திருத்தி எழுதினார்கள். ஒரு குழு முதல் நான்கு வரிகளை அப்படியே வைத்துவிட்டு, ஐந்தாவது வரியை மட்டும் அழித்து எழுதியிருந்தது: "இங்கிருந்து போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று தெரியவில்லை."

இரண்டு பாடவேளை வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளைகளைப் புதருக்குள் விடாதீர்கள், பாம்பு உண்டு.