அயல்நாட்டார் வீடு வாங்கலாமா?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். இவற்றுள் முதல் இரண்டும் கப்பலேறி நாடு விட்டு நாடு போகும். மூன்றாவது அப்படியன்று. வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது; அதை வாங்கும் பணந்தான் கடல் கடந்து வருகிறது. அவ்வாறு வரும் பணத்தைத் தடுத்து நிறுத்தலாமா, கூடாதா என்பது இன்று பல நாடுகளில் பெரிய வழக்காக இருக்கிறது. கனடா 2023 சனவரி முதல் நாள் தடை விதித்தது. பின்னர் அதை 2027 வரை நீட்டித்தது. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் ஈராண்டுகளுக்குப் பழைய வீடுகளை வாங்கத் தடை விதித்தது. சிங்கப்பூர் தடை செய்யவில்லை. ஆனால் 2023-இல் அயல்நாட்டார் வாங்கும் வீட்டின் மீது விலையில் 60 விழுக்காட்டைக் கூடுதல் முத்திரை வரியாக விதித்தது. பாதிக்கு மேல் வரி என்றால் அது தடைக்குத் தங்கை என்றே சொல்லலாம்!

எல்லா நாடுகளையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, ஒரு நாட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம். ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆக்லாந்து என்னும் ஒரே நகரில் வாழ்கின்றனர். 1991-இல் அந்நாட்டில் 100 குடும்பங்களில் 74 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன. 2018 கணக்கெடுப்பில் அது 65-க்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. ஆக்லாந்தில் வீட்டின் சராசரி விலை 2016-இலேயே 10 இலட்சம் நியூசிலாந்து டாலரைத் தாண்டியிருந்தது. படித்து வேலையில் அமர்ந்த இளம் தம்பதியர்கூட வீடு வாங்க வழியின்றித் தவித்தனர். "சொந்த நாட்டிலேயே நாம் வாடகைக்குக் குடியிருப்பவர்களாகி விடுவோமோ?" என்ற அச்சம் பரவியது.

பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்னின் அரசு 2018 ஆகஸ்டில் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அக்டோபர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் நிலையாகக் குடியிராத அயல்நாட்டார், கட்டி முடித்த வீடுகளை வாங்க முடியாது. ஆஸ்திரேலியருக்கும் சிங்கப்பூரருக்கும் வாணிக உடன்படிக்கைகளின் காரணமாக விலக்கு உண்டு. பசிபிக் நாடுகளின் பெரிய வாணிக ஒப்பந்தம் ஒன்று அவ்வாண்டு இறுதியில் நடைமுறைக்கு வரவிருந்ததால், அதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்று அரசு விரைந்தது.

இவ்விடத்தில் எங்கள் வகுப்பு இரு கட்சியாகப் பிரிந்தது. அந்நாட்டின் புள்ளிவிவரத் துறைக் கணக்குப்படி, அச்சமயம் கைமாறிய வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே இவ்வகை அயல்நாட்டாருக்குப் போயின. "மூன்று வீட்டுக்கா இத்தனை ஆரவாரம்?" என்று ஒரு கட்சி கேட்டது. மற்றக் கட்சியின் விடை கவனிக்கத்தக்கது. ஆக்லாந்தில் பல வீடுகள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஏலத்தில் விலையை ஏற்றுபவர் வீட்டை வாங்கிச் செல்பவர் மட்டுமல்லர். அவருக்கு அடுத்தபடியாக விடாமல் கேட்டு, கடைசியில் தோற்றுப் போனவரும்தான். ஆகவே ஆழமான பணப்பையுடன் ஒருவர் கூடத்தில் நின்றாலே போதும், அவர் வாங்காத வீட்டுக்கும் விலை ஏறும். மேலும் மூன்று என்பது நாடு முழுவதற்குமான சராசரி. ஆக்லாந்தின் நடுப்பகுதியில் அது ஐந்தில் ஒன்று என்ற அளவில் இருந்தது. சராசரி என்பது சில வேளைகளில் உண்மையை மறைக்கும் திரையாகி விடுகிறது.

இதுவரை தடையை ஆதரித்த கட்சிக்கே வெற்றி எனத் தோன்றும். ஆனால் 2020-இல் யாரும் எதிர்பாராத ஒரு சோதனை நிகழ்ந்தது. கொரோனா நோய்க்கு அஞ்சி அவ்வாண்டு மார்ச்சு மாதம் நியூசிலாந்து தன் எல்லைகளை மூடிவிட்டது. சட்டமோ அயல்நாட்டாரை முன்பே தடுத்திருந்தது. இப்போது விமானமும் இல்லை. வெளியாரின் பணந்தான் நோய்க்கு மூலம் என்றால், வீட்டு விலை இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. 2021 இறுதிக்குள் விலை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்துவிட்டது!

காரணம் வட்டி. பொருளாதாரம் சரியாமல் தாங்க, நடுவண் வங்கி தன் வட்டி வீதத்தைக் கால் விழுக்காட்டுக்குக் குறைத்தது. இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு குடும்பத்தால் ஆண்டுக்கு 50 ஆயிரம் வட்டி கட்ட முடியும் என வைத்துக்கொள்வோம். வட்டி 5 விழுக்காடானால் அவர்களால் 10 இலட்சம் கடன் வாங்க முடியும். வட்டி இரண்டரையாகக் குறைந்தால் அதே 50 ஆயிரத்துக்கு 20 இலட்சம் கிடைக்கும். (அசலைத் திருப்பிக் கட்டுவதை எளிமைக்காக இங்கே விட்டுவிட்டோம்.) ஒரு குடும்பத்துக்கு மட்டும் கிடைத்தால் அது நற்பேறு. ஊரில் எல்லாருக்கும் கிடைத்தால், இருக்கும் அதே வீடுகளுக்கு எல்லாரும் கூடுதலாகக் கேட்பார்கள், அவ்வளவே. பின்னர் 2023-இல் வட்டி ஐந்தரைக்கு ஏறியபோது விலையும் பின்வாங்கியது.

இருக்கும் வீடுகள் என்றோம். அதுவே மற்றொரு காரணம். நகருக்குள் இன்ன இடத்தில் இத்தனை மாடிதான் கட்டலாம் என்ற விதிகள் இறுக்கமாக இருந்தவரை புது வீடுகள் மெல்லவே எழுந்தன. ஆக்லாந்து 2016-இல் புதிய நகர்த் திட்டத்தின் வழியாக இவ்விதிகளைத் தளர்த்தியது. நாடு முழுவதும் 2022 அளவில் ஓராண்டில் ஏறத்தாழ 50 ஆயிரம் வீடுகளுக்குக் கட்ட அனுமதி தரப்பட்டது. இது 2015-இல் இருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. வாயிலில் காவல் வைப்பது ஒரு நாளில் செய்யக்கூடிய வேலை. கொத்தனாரையும் குழாய்க்காரரையும் கூட்டிக் கட்டடம் எழுப்புவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. செய்தித்தாளில் அதற்குத் தலைப்புச் செய்தியும் கிடைப்பதில்லை.

நம் நாட்டில் என்ன நிலை என்று பெற்றோர் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, இந்திய வம்சத்தைச் சேராத, இந்தியாவில் குடியிராத அயல்நாட்டார் இங்கே வீடோ நிலமோ வாங்க முடியாது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் வீடு வாங்கலாம். விளைநிலமும் தோட்டமும் வாங்கக் கூடாது. இலங்கையும் 2014-இல் அயல்நாட்டாருக்கு நிலம் விற்பதைச் சட்டத்தால் தடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு விலக்கு அளித்தது. ஆகவே நியூசிலாந்தாரைக் குறுகிய மனத்தினர் என்று நாம் எளிதில் பழித்துவிட முடியாது.

திருமறையைப் புரட்டினால் இவ்வினா பழமையானது என்று தெரியவரும். தொடக்க நூலின் 23-ஆம் அதிகாரத்தில் நம் விசுவாசத்தின் தந்தையாகிய ஆபிரகாமே அயல்நாட்டவராக நின்று இடம் வாங்குகிறார். சாரா இறந்தபோது, மக்பேலா நிலத்தையும் அதிலுள்ள குகையையும் இத்தியரான எப்ரோனிடமிருந்து 400 வெள்ளிக் காசுக்கு ஊரார் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்துப் பெறுகிறார். இலவசமாகத் தருகிறேன் என்றவரிடமும் விலை கொடுத்தே வாங்குகிறார். அவர் கேட்டது இலாபத்துக்கான இடமன்று. மனைவியை அடக்கம் செய்ய ஓர் இடம். லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரமோ, நிலம் கடவுளுடையது, நாம் அதில் அந்நியரும் வழிப்போக்கருமே என்கிறது. வாடகைக்காரர் ஆகிவிடுவோமோ என்று அஞ்சிய மக்களுக்கு இது வியப்பான விடையாக இருந்திருக்கும். ஐக்கிய நாடுகள் 1987-ஐ வீடற்றோர் ஆண்டாகக் கொண்டாடியபோது, திருப்பீடத்தின் நீதி, அமைதி ஆணையம் ஒரு மடலை வெளியிட்டது. வீட்டை மனிதருக்குப் பயன்படாமல் ஊக வாணிகத்துக்கு ஆளாக்குவது முறைகேடு என அது கண்டித்தது. அப்படி ஆக்குபவர் எந்த நாட்டவர் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

எங்களுக்கும் இதுவே சரியான கோடாகப் படுகிறது. வாங்குபவரின் நாட்டைக் கேட்பதற்கு முன், அங்கே குடியிருக்கப் போகிறாரா என்று கேட்க வேண்டும். பூட்டிய வீட்டை வைத்து விலையேற்றம் பார்ப்பவர் உள்ளூர்ச் செல்வராயினும் அவர் மீது வரி விதிக்கலாம். பிழைக்க வந்து அங்கேயே வாழ்பவருக்குக் கதவைச் சாத்துவது முறையன்று.

நியூசிலாந்தில் இக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்திலிருந்து செவிலியர் பலர் அங்குள்ள மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகின்றனர். வேலை விசாவில் இருக்கும்வரை அவர்கள் அங்கே ஒரு சிறு வீடும் வாங்க முடியாது. குடியிருப்பு விசா கிடைத்த பின்னும், ஓராண்டு அங்கே வாழ்ந்திராதவர் தனி அனுமதி பெற்றாக வேண்டும். 2025 செப்டம்பரில் அரசு ஒரு தளர்வை அறிவித்தது. யாருக்கு? பெருந்தொகை முதலீடு செய்து தனி விசா பெற்ற செல்வர்களுக்கு. அவர்கள் 50 இலட்சம் டாலரோ அதற்கு மேலோ பெறும் வீடு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அவ்விசாவின் எளிய பிரிவில், மூன்றாண்டுக் காலத்தில் அந்நாட்டில் 21 நாட்கள் தங்கினாலே போதும்.