டோர்பெல் கிராமத்தின் பொது மேய்ச்சல் நிலம்

ஸ்விட்ஜர்லாந்து நாட்டின் தென்பகுதியில் உள்ளது வாலிஸ் மாநிலம். அங்கே விஸ்ப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், டோர்பெல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இன்று அங்கு வாழ்வோர் சுமார் 500 பேரே. இவ்வளவு சிறிய ஊரைப் பற்றி நாம் இம்மாதம் எழுதப் புகுந்ததற்குக் காரணம், அவ்வூர் மக்கள் 1483-ஆம் ஆண்டில் தமக்குள் கையொப்பமிட்டு ஏற்படுத்திக்கொண்ட ஓர் உடன்படிக்கையே ஆகும். மலைமேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றை ஒன்றாக இருந்து ஆள்வதற்கு அவர்கள் அன்று ஒரு சங்கத்தை நிறுவினர்.

அவ்வூரில் எல்லாம் பொதுவன்று. வயலும், தோட்டமும், திராட்சைக் கொல்லையும், புல் அறுக்கும் நிலமும் குடும்பங்களுக்குச் சொந்தம். தந்தையின் நிலத்தை மக்கள் யாவரும் பங்கிட்டுக் கொள்வதால் அவை துண்டு துண்டாகக் கிடக்கும். மேய்ச்சல் மலையும், காடும், தரிசும், நீர்க்கால்களும், இவற்றிற்குச் செல்லும் பாதைகளும் மட்டுமே பொது. வேற்றூரார் ஒருவர் அங்கே நிலம் வாங்கலாம். ஆனால் அதனாலேயே பொது மேய்ச்சலில் மாடு விடவோ, காட்டில் மரம் வெட்டவோ அவருக்கு உரிமை வாராது. அவரை ஊராராக ஏற்பதா என்பதை ஊரே முடிவு செய்யும்.

1517-ஆம் ஆண்டின் விதி இதனினும் முக்கியமானது. குளிர்காலத்தில் தன்னால் தீனியிட்டுக் காக்கக்கூடிய பசுக்கள் எத்தனையோ, அத்தனையை மட்டுமே ஒருவன் கோடையில் மலைக்கு அனுப்பலாம். இதன் நுட்பத்தை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பனிக்காலம் முழுவதும் பசு கொட்டிலிலேயே நிற்கும். அதற்கு வேண்டிய உலர்ந்த புல்லை அவனவன் தன் நிலத்திலிருந்தே சேர்த்தாக வேண்டும். ஆகவே, கோடையில் மட்டும் வெளியூர் மாடுகளை வாங்கி வந்து பொதுப் புல்லில் கொழுக்க வைத்து விற்றுவிடலாம் என்னும் வியாபார ஆசைக்கு இடமே இல்லை. அளவு மீறியவனுக்குக் கடுமையான அபராதம் உண்டு; அதை விதிக்கும் ஊர் அதிகாரி அதில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பவனுக்குச் சோம்பல் வராதிருக்க இது நல்ல உபாயந்தான்!

மலைக்குச் செல்லும் பசுக்கள் உடனே எண்ணப்படும். தனித்தனியே மேய்க்க இயலாது, ஒரே மந்தையாகவே மேய்க்க வேண்டும். மேய்ப்போரை அமர்த்துவது, எருவைப் பரப்புவது, பனிச்சரிவில் இடிந்த குடிசைகளை மீண்டும் கட்டுவது ஆகிய பணிகளை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பெறும் நிர்வாகிகள் கவனிப்பர். யார் எத்தனை பசு அனுப்பினாரோ அதற்கேற்ப அவர் உழைப்போ பணமோ தர வேண்டும். ஆண்டுதோறும் பாலாடைக்கட்டியும் அதே கணக்கில் பங்கிடப்படும். சுமையும் பயனும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதால், பங்கு பிரிக்கும் நாளில் பூசலுக்கு இடம் குறைவு.

இம்முறையில் குறை இல்லாமலில்லை. நிலம் மிகுதியாக உள்ளவன் புல்லும் மிகுதியாகச் சேர்ப்பான். அவன் பசுக்களே மலையில் மிகும். இது புல்லைக் காத்த விதியே தவிர, ஏழையையும் செல்வனையும் சமமாக்கிய விதி அன்று. பெண்கள் நிலை இன்னும் வருந்தத்தக்கது. வாலிஸ் மாநிலத்தில் அவர்களுக்கு வாக்குரிமை 1970-இல்தான் கிடைத்தது. நாடு முழுவதற்குமான தேர்தல்களில் 1971-இல். அதே மாநிலத்தைச் சேர்ந்த உன்டர்பாக் என்னும் மலையூரில் 1957-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 33 பெண்கள் துணிந்து வாக்களித்தனர். அவ்வாக்குகள் எண்ணப்படவில்லை.

பொதுவில் விடப்பட்ட மேய்ச்சல் நிலம் பேராசையால் அழிந்தே தீரும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். பலர் அதை வேதவாக்காகக் கொண்டனர். பொது நிலத்தைத் தனியாருக்கு விற்க வேண்டும், இல்லையேல் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றனர். டோர்பெலில் தங்கி ஆராய்ந்த ராபர்ட் நெட்டிங் 1981-இல் வெளியிட்ட நூல் வேறு கதையைக் கூறிற்று. அதனை ஒரு சான்றாகக் கொண்டு எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-இல் தம் நூலை எழுதினார்; பொதுச் சொத்துக்களின் நிர்வாகம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. காவலும் விதியும் இல்லாத நிலம் வேறு, ஊரார் விதி வகுத்து ஆளும் நிலம் வேறு என்பதை ஹார்டின் முதலில் பிரித்துக் காட்டவில்லை. பின்னாளில் அதனை அவரே ஒப்புக்கொண்டார்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டத்தக்க மரங்களுக்கு நிர்வாகிகள் அடையாளம் இடுவர். பல குடும்பங்கள் சேர்ந்த குழுக்களுக்கு அம்மரங்கள் திருவுளச்சீட்டினால் ஒதுக்கப்படும். எந்த மரம் யாருக்கு விழும் என்று அடையாளம் இடுபவருக்கே தெரியாது. எனவே தமக்கு வேண்டியவருக்கு நல்ல மரத்தை ஒதுக்கி வைக்க அவரால் முடியாது.