இழுவைக் கொக்கியும் நெம்புகோலும்

போர்ட் கொச்சியின் சீன வலைகளை நம்மிற் பலர் கண்டிருப்போம். நீண்ட மரக்கையின் ஒரு முனையில் வலை. மறுமுனையில் கயிறுகளிற் கட்டிய கற்கள். கற்கள் வலைக்கு ஈடுகொடுப்பதால் சிலரே அதனை ஏற்றி இறக்க முடிகிறது. அவ்வூரில் என் உறவினர் வீட்டு முற்றத்தில், பிக்கப் வண்டிக்கு இழுவைக் கொக்கி பொருத்தத் துணை நின்றபோது, அதே நெம்புகோல் தத்துவம் எனக்குப் பாடமாயிற்று.

கணக்கைப் பார்ப்போம். சுமையோடு 600 கிலோ எடையுள்ள ஒற்றை அச்சு டிரெய்லர். அச்சுக்கு 3 மீட்டர் முன்னே கொக்கி. டிரெய்லரின் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், கொக்கியை 60 கிலோ அழுத்தும். இது பத்து விழுக்காடு. பதினைந்து வரை ஆகலாம். கொக்கி வண்டியின் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னேயும், வண்டியின் அச்சுகளுக்கு இடைவெளி 3 மீட்டராகவும் இருந்தால், முன் சக்கரங்களில் 20 கிலோ குறையும். பின் சக்கரங்களில் 80 கிலோ கூடும். அளவு மீறினால் ஸ்டியரிங் பிடி தளரும். மையம் அச்சுக்குப் பின்னே போனாலோ, கொக்கி மேலே தூக்கப்படும். வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். உப்புக் காற்றில் துருவேறாதிருக்கத் துளை விளிம்புகளில் வண்ணம் பூசினோம். தாங்கியைப் பம்பரில் அன்று, சேஸிஸின் இரு நெடுஞ்சட்டங்களிலும் போல்ட்டு இட்டு முடுக்கினோம். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் விழாதபடி, காப்புச் சங்கிலிகள் இரண்டைக் குறுக்காகப் பூட்டினோம். முதற்பயணத்திற்குப் பின் போல்ட்டுகளை மீண்டும் சோதித்தல் வேண்டும்.

போல்ட்டு எத்துணை வலிதாயினும், சுமை இடம் மாறினால் பயனில்லை. பின்னே சைக்கிளில் வருபவரின் உயிரும் அந்த 30 சென்டிமீட்டரில் அடங்கியுள்ளது.