ஆயில் எங்கிருந்து ஒழுகுகிறது?

ஸ்கூல் டிரிப் ஓடும் சித்தப்பாவின் ஆம்னி வேனுக்கு அடியில் தினமும் ஆயில் சொட்டு. "பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர் பாக்ஸை இறக்கணும்" என்றார் மெக்கானிக். வண்டித் தவணையே பாக்கி. எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருவனே. "நீ பாருடா" என்றார் சித்தப்பா.

நண்பர்களே, சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஆயில் கீழே வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமானதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அம்மாவின் முகப் பவுடரைத் தூவி (திட்டு வாங்கியது தனிக்கதை) கால்மணி நேரம் ஓடவிட்டேன். பெல் ஹவுசிங்கின் அடிப்பொருத்து வெள்ளையாகவே இருக்க, டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து கறுப்புக் கோடு இறங்கியது! பேக்கிங் கல்லாய் இறுகி வெடித்திருந்தது.

புதிது போட்டோம். போல்ட்டை ரொம்ப முறுக்கினால் கவர் வளைந்து மறுபடி ஒழுகும். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். அதையும் ஊதிப் பார்த்தேன். பத்து நாள் வேனுக்கடியில் நியூஸ் பேப்பர் விரித்து வைத்தோம். சொட்டே இல்லை.