இருபது சதவீத ஊனம்

கேள்வி: என் கட்சிக்காரர் 34 வயது ஸ்பின்னிங் மில் தொழிலாளி. பைக் விபத்தில் வலது கை விரல்கள் முடங்கிவிட்டன. மருத்துவக் குழு 20 சதவீத ஊனம் என்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு அதிலேயே நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எப்படி வாதாடுவது?
— இளம் வழக்கறிஞர், ராஜபாளையம்

பதில்: அந்த 20 கைக்கான கணக்கு, கூலிக்கானது அல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போகும்; அரசு அலுவலக எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலும் இருக்கலாம். உங்கள் ஆள் அறுந்த நூலை விரலால் இணைத்தவர். அதை நீதிபதி அறிய வேண்டாமா? சூப்பர்வைசரைச் சாட்சியாக அழையுங்கள். சம்பளப் பதிவேடு, இஎஸ்ஐ சந்தா விவரங்களை வரவழையுங்கள். சிகிச்சை தந்த மருத்துவரையும் கூண்டில் ஏற்றுங்கள். சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு உட்காருவது நம்மூரில் பலருக்குப் பழக்கம்!

மாதம் 15,000 ரூபாய், சரளா வர்மா தீர்ப்புப்படி பெருக்கி 16 என்றால், 20 சதவீதத்துக்கு 5,76,000 ரூபாய். வருவாய் இழப்பு 60 சதவீதம் என நிரூபித்தால் 17,28,000. மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.