ஓரக்கோட்டு வீரர்

குமரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், குழித்துறையாறு கடலோடு கலக்கும் முகத்திலிருந்து கேரள எல்லை வரை, மீனவர் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல் நெருங்கி அமைந்துள்ளன. பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என அவற்றின் பெயர்கள் தொடரும். ஆழ்கடலில் பல நாள் தங்கிச் சுறாமீன் பிடிப்பதில் இவ்வூரார் பெயர்பெற்றவர்கள். கரையில் இருக்கும் நாள்களிலோ இவர்கள் பெரிதும் விரும்புவது கால்பந்தாட்டம். நடந்தாலே கால் புதையும் மணலில் பந்தை உருட்டிப் பழகிய சிறுவனுக்குப் புல்தரை எளிதாகத் தோன்றுவதில் வியப்பென்ன? இரவிபுத்தன்துறையில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ்.

கால்பந்து அணியில் ஓரக்கோட்டை ஒட்டி ஓடி ஆடுபவரை 'விங்கர்' என்பர். நடுக்களத்தில் ஆடுவோர் பந்தை நாற்புறமும் தட்டிவிட இயலும். இவருக்கோ ஒருபுறம் கோடு, மறுபுறம் எதிரி. ஆதலின் விரைந்து ஓடுதல் மட்டும் போதாது. ஓடிவரும் வேகத்திலேயே சட்டென உடலை ஒருபுறம் சாய்த்து, எதிரி அப்பக்கம் நகர்ந்த கணத்தில் மறுபுறம் திரும்புதல் வேண்டும். அத்திருப்பத்தின் பாரத்தைத் தாங்குவது முழங்கால். இடக்கால் ஆட்டக்காரராகிய சூசைராஜ் இவ்வித்தையில் தேர்ந்தவர்.

சென்னை சிட்டி அணியில் ஆடிவந்த அவரை 2018இல் ஜாம்ஷெட்பூர் அணி சேர்த்துக்கொண்டது. 2019 ஜூன் திங்களில், தாய்லாந்தில் நடைபெற்ற கிங்ஸ் கோப்பைப் போட்டியில் அவர் இந்தியாவுக்காக ஆடினார். குராசாவ் நாட்டிடம் தோற்ற இந்தியா, அடுத்துத் தாய்லாந்தை வென்று மூன்றாம் இடம் பெற்றது. அவ்வாண்டே கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குச் சென்றார். உடன்பிறந்தவராகிய ரெஜினும் அவ்வணியில் இருந்தார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில், சென்னையின் எஃப்.சி. அணியை 3-1 என வென்று ஏ.டி.கே. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. கொரோனாத் தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. வெற்றி முழக்கத்தை ஆட்டக்காரர்களே எழுப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று!

எட்டுத் திங்கள் கழிந்தன. மோகன் பகானுடன் இணைந்துவிட்ட அவ்வணி, நவம்பர் 20 அன்று, மீண்டும் கோவாவில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை எதிர்த்துப் புதிய பருவத்தைத் தொடங்கியது. அன்றும் இருக்கைகள் காலியாகவே இருந்தன. கால் மணி நேரம் ஆகுமுன்பே சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்கு அப்போது வயது 26. ஆட்டக்காரரின் ஆற்றல் உச்சத்தை நெருங்கும் பருவம் அது. அணி அன்று 1-0 என வென்றது. 2021 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை சென்று மும்பையிடம் தோற்றது. அந்தப் பருவம் முழுதும் அவரால் ஆட இயலவில்லை.

முழங்காற் காயம் ஆறுவது ஒன்று. அக்காலை நம்பி முன்போல் பாய்ந்து திரும்புவது வேறொன்று. கால் நலமடைந்த பின்னும் மனம் ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணம் எதிரிக்குப் போதும். மருத்துவர் தரும் சான்று இத்தயக்கத்தை நீக்காது. நாள்தோறும் களத்தில் ஓடி ஓடியே நீக்கிக்கொள்ள வேண்டும். சூசைராஜ் அடுத்த பருவத்தில் மீண்டும் களம் புகுந்தார். 2022இல் ஒடிசா அணி அவரைத் தன் ஆட்டக்காரராக ஏற்றுக்கொண்டது.