மணலில்தான் பாதி வேலை

கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ சர்ஃபிங் சொல்லித்தரும் ஒருவரிடம், "என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, அவனுக்கும் கத்துத் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தயங்கிய சிரிப்புதான் பதிலாக வரும். மனமில்லாமல் அல்ல, எங்கே தொடங்குவதென்று தெரியாமல். அந்தத் தயக்கம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள்.

முடியுமா என்ற கேள்விக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சர்ஃபிங் சங்கம் 1986இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் ஜெஸ்ஸி பில்லாவர் 1996இல் அலையில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர். பிறகு குப்புறப் படுத்தபடியே அலையேறினார். 2015 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. அதில் நின்று, மண்டியிட்டு, உட்கார்ந்து, படுத்து ஆடுபவர்களுக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

வருபவரிடம் நோயின் பெயரைக் கேட்பதால் பெரிய பயனில்லை. தண்ணீரில் குப்புற விழுந்தால் தானாகப் புரள முடியுமா? தலையை எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்க முடியும்? உடம்பில் எங்கே தொட்டால் தெரியாது? வீட்டில் யார், எப்படித் தூக்குகிறார்கள்? இந்த நான்கும் போதும். கேள்வியை அவரிடமே கேளுங்கள், கூட வந்தவரிடம் அல்ல.

பதிலைப் பொறுத்துத்தான் பலகை. ஆரம்பத்துக்கு ஒன்பது, பத்தடி நீளமுள்ள அகலமான மென்நுரைப் பலகையே பலருக்குப் போதும். படுத்து ஆடுபவருக்கு மார்புக்கடியில் மெத்தை, முழங்கை ஊன்ற இடம், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். இடுப்புக்கு மேல் பலமுள்ளவருக்கு வேவ்ஸ்கி பொருந்தும்: உட்கார்ந்து துடுப்பு போடும் பலகை அது. அதன் இடுப்புப் பட்டையை ஒரே இழுப்பில் கழற்ற முடியவேண்டும். கவிழ்ந்த நிலையில் கழற்றும் பழக்கத்தை இடுப்பளவு நீரிலேயே முடித்துவிடுங்கள். கழற்ற முடியாத கயிறு கொண்டு யாரையும் பலகையில் கட்டாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். பார்வையில்லாதவருக்குப் பலகையின் நடுக்கோட்டில் விரலுக்குத் தட்டுப்படும் மேடும், அலை வரும் கணத்தைச் சொல்லும் உங்கள் குரலுமே கருவி.

விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. ஹவாயின் பெத்தனி ஹாமில்டன் 2003இல் சுறா கடித்து இடக்கையை இழந்தபோது அவருக்கு வயது 13. அவருடைய அப்பா பலகையில் ஒரு கைப்பிடி பொருத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு, எதிரே வரும் அலைக்கு அடியில் பலகையை அமுக்கி நுழைய ஒரு கையே போதுமாயிற்று.

இனி, யாரும் பேசாத பகுதி: மணல். சாதாரண வீல்சேர் பத்தடியில் புதைந்துவிடும். பெரிய காற்றுச் சக்கரம் கொண்ட கடற்கரை வீல்சேர், அல்லது உருட்டி விரிக்கும் பாதை விரிப்பு தேவை. நாற்காலியிலிருந்து பலகைக்கு மாற்றுவதை இருவராகப் பழகுங்கள். அக்குளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவும். உணர்வில்லாத தோலில் மணலும் பலகையும் உரசினால் அவருக்குத் தெரியாது, மறுநாள் புண்ணாகி நிற்கும். உடம்பை மூடும் உடை கட்டாயம். கரையேறியதும் குதிகால், முட்டி, இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ தண்டுவடம் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலோ உடை இறுக்கினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறும். மண்டை பிளக்கும் வலி, முகச் சிவப்பு, வியர்வை. உடனே கரைக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கத்தைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடங்காவிட்டால் 108. அடிபட்ட இடத்துக்குக் கீழே பலருக்கு வியர்க்காது என்பதால் நம் ஊர் வெயிலும் ஆபத்து, காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆள்பலம்? பலகையைத் தள்ள ஒருவர், அலை முடியும் இடத்தில் பிடிக்க இருவர், கரையில் ஒருவர். ஒரு மாணவருக்கு நான்கு பேர் என்றால் வழக்கமான கட்டணம் கட்டுப்படியாகாது. "இலவசமாகச் செய்கிறோம்" என்று உணர்ச்சிவசப்பட்டு ஆரம்பித்த முயற்சிகள் நீடிப்பது கடினம். மாதம் ஒரு நாள் ஒதுக்கி, தன்னார்வலர்களைப் பழக்கி, செலவுக்கு ஒரு நிறுவனத்தின் ஆதரவைக் கேளுங்கள். பயிற்றுநர் சான்றிதழோடு நீர்மீட்புப் பயிற்சியும் முதலுதவியும் கையில் இருந்தால்தான் அவர்களும் காது கொடுப்பார்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நண்பராக்கிக் கொள்வது சான்றிதழ் அளவுக்கே உதவும்.

மீண்டும் மணலுக்கே வருவோம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேருக்கான மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, சரிசெய்ய வேண்டியதாயிற்று. அலை பார்க்க ஒரு பாதைக்கே இத்தனை பாடு. கையில் இருக்கும் பணத்துக்குப் பலகையா, கடற்கரை வீல்சேரா என்று யோசிப்பவர்கள் வீல்சேரை முதலில் வாங்குங்கள்.